ஸ்கிரிப்ட் ஓடுது, பக்கம் தொறக்க மாட்டேங்கு: உள்ளூர் வலைப்பக்கத்துக்கான பிழை நீக்கும் வழிமுறை

பாளையங்கோட்டை மார்க்கெட்டில் ஒரு கடையின் விலைப் பலகை, பத்தமடையில் பாய் ஆர்டர் பட்டியல், அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளி நூலகத்தின் புத்தகப் பட்டியல். இவை அந்தந்தக் கணினிக்குள்ளேயே எச்டிஎம்எல் பக்கமாகக் கிடக்கும். நெட் போனாலும் ஓடும் என்பதுதான் இதில் சவுகரியம். காலையில் கணினியைப் போட்டதும் அந்தப் பக்கத்தைப் பிரவுசரில் திறக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருப்பார்கள். விண்டோஸ் என்றால் பேட்ச் ஃபைல், லினக்ஸ் என்றால் ஷெல் ஸ்கிரிப்ட். இரண்டு மூன்று வரிதான் இருக்கும், ஆனால் மக்கர் பண்ணுவது அதுதான். பழுது பெரும்பாலும் பக்கத்திலும் இருக்காது, பிரவுசரிலும் இருக்காது. ஸ்கிரிப்ட் முகவரியைப் பிரவுசரிடம் கைமாற்றும் இடத்தில் இருக்கும்.

கட்டளைகளை இங்கே காதில் விழுகிறபடி தமிழில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், குறிகளை அப்படியே போடுங்கள்.

## எதையும் மாற்றும் முன்னால் இரண்டு நிமிடம்

பிரவுசரைக் கையால் திறந்து, அந்த எச்டிஎம்எல் கோப்பை மவுஸால் இழுத்து அதன் மேல் போடுங்கள். பக்கம் ஒழுங்காக வந்தால் கோளாறு ஸ்கிரிப்டில். அடுத்து வருகிற ஆறு தலைப்புகளுக்குள் விடை இருக்கும். கையால் திறந்தும் காலியாகவோ, எழுத்து சிதைந்தோ, பழையதாகவோ வந்தால் ஸ்கிரிப்டைத் தொடாமல் நேரே பின்பாதிக்குப் போய்விடுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் பிரவுசரை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றுவது வீண்வேலை.

## "கறுப்பு ஜன்னல் மின்னிட்டுப் போயிருது"

ஸ்கிரிப்ட் ஏதோ பிழைச்செய்தி சொல்கிறது, நீங்கள் படிப்பதற்குள் ஜன்னல் மூடிக்கொள்கிறது. பேட்ச் ஃபைலின் கடைசி வரியாக 'பாஸ்' (பி-ஏ-யு-எஸ்-இ) என்ற கட்டளையைச் சேருங்கள். அல்லது கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, அதற்குள் ஸ்கிரிப்டின் பெயரைத் தட்டி ஓட்டுங்கள். செய்தி நின்றுவிடும். இனி செய்தியைப் பொறுத்துப் பிரிய வேண்டும்.

கோப்பைக் காணோம் என்றால். முதலில் கோப்பின் உண்மையான பெயரைப் பாருங்கள். எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' பட்டியலுக்குப் போய்க் கோப்பின் வால்பெயரைக் காட்டச் சொல்லுங்கள். நோட்பேடில் சேமித்ததால் 'விலை.எச்டிஎம்எல்.டிஎக்ஸ்டி' என்று இருக்கலாம். அடுத்த சந்தேகம் டெஸ்க்டாப் எங்கே இருக்கிறது என்பது. ஒன்டிரைவ் காப்புநகல் எடுக்கத் தொடங்கியிருந்தால், உங்கள் டெஸ்க்டாப் பயனர் ஃபோல்டருக்குள் நேரடியாக இருக்காது, ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போயிருக்கும். கண்ணுக்கு அதே டெஸ்க்டாப்தான், பாதை வேறு. இந்த மாதிரிப் பக்கங்களை டெஸ்க்டாப்பில் வைக்காமல் சி அல்லது டி டிரைவில் தனி ஃபோல்டர் போட்டு வைப்பதே நல்லது.

மூன்றாவது காரணம், ஸ்கிரிப்ட் எந்த ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓடுகிறது என்பது. 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்தால் அது சிஸ்டம்32 ஃபோல்டரில் நின்று உங்கள் கோப்பைத் தேடும். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் இந்த வரியைப் போடுங்கள்: சிடி, இடைவெளி, முன்சாய்கோடு, டி, இடைவெளி, பிறகு மேற்கோள் குறிகளுக்குள் இடைவெளி விடாமல் சதவீதக் குறி, அலைக்குறி, டி, பி, சுழியம். ஸ்கிரிப்ட் எங்கே இருக்கிறதோ அங்கேயே போய் நிற்கும்.

முதல் வரியின் முன்னால் புரியாத மூன்று எழுத்து வந்தால். ஸ்கிரிப்ட் 'யுடிஎஃப்-8 வித் பாம்' என்ற எழுத்துக் குறியீட்டு வகையில் சேமிக்கப்பட்டிருக்கிறது. 'பாம்' என்பது கோப்பின் தொடக்கத்தில் ஒட்டும் ஒரு அடையாளம். நோட்பேடில் 'சேவ் ஆஸ்' போய், 'பாம்' இல்லாத வெறும் யுடிஎஃப்-8 தேர்ந்தெடுத்து அதே பெயரில் சேமியுங்கள்.

பாதையில் தமிழ்ப்பெயர் இருந்து, அது கேள்விக்குறிகளாகத் தெரிந்தால். ஸ்கிரிப்டின் மேலே சி-எச்-சி-பி, இடைவெளி, 65001 என்று ஒரு வரி. அது தமிழ்ப்பெயரைப் படிக்க வைக்கும். ஆனாலும் ஃபோல்டர் பெயரை இடைவெளியில்லாத ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு, தமிழைப் பக்கத்தின் உள்ளே வைத்துக்கொள்வது மேல்.

நீல நிறத்தில் எச்சரிக்கைப் பெட்டி வந்தால். ஸ்கிரிப்ட் மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ வந்தது. வலது கிளிக், 'பிராப்பர்ட்டீஸ்', கீழே 'அன்பிளாக்' என்ற கட்டத்தில் டிக். யார் அனுப்பினார்கள் என்று தெரியாவிட்டால் டிக் போடாதீர்கள்.

## "பிரவுசருக்குப் பதிலா இன்னொரு கறுப்பு ஜன்னல்தான் வருது"

பார்த்தவுடன் சொல்லிவிடக்கூடிய கோளாறு இது. 'ஸ்டார்ட்' கட்டளை, மேற்கோள் குறிக்குள் வரும் முதல் சொல்லை ஜன்னலின் தலைப்பு என்றே எடுத்துக்கொள்ளும். பாதையில் இடைவெளி இருக்கிறதே என்று நீங்கள் மேற்கோள் போட்டிருப்பீர்கள். அது பாதையைத் தலைப்பாக்கி, ஒரு வெற்று ஜன்னலைத் திறந்து வைத்துவிடும். தலைப்பில் உங்கள் கோப்பின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

பாதைக்கு முன்னால் வெறும் மேற்கோள் இணை ஒன்றைப் போடுங்கள்:

ஸ்டார்ட் "" "டி:\விலைப் பலகை\இன்று.எச்டிஎம்எல்"

## "வேற எதுலயோ தொறக்குது"

நோட்பேடிலோ நிரல் எழுதும் எடிட்டரிலோ திறந்தால், எச்டிஎம்எல் வகைக்கு இயல்புச் செயலி மாறிவிட்டது. கோப்பின் மேல் வலது கிளிக், 'ஓப்பன் வித்', 'சூஸ் அனதர் ஆப்', பிரவுசரைத் தேர்ந்தெடுத்து 'ஆல்வேஸ்'. திரும்பத் திரும்ப மாறினால் பிரவுசரின் பெயரையே ஸ்கிரிப்டில் எழுதிவிடுங்கள்: 'ஸ்டார்ட் குரோம்' அல்லது 'ஸ்டார்ட் எம்எஸ்எட்ஜ்', அதன்பின் பாதை.

லினக்ஸில் 'எக்ஸ்டிஜி-செட்டிங்ஸ் கெட் டீஃபால்ட்-வெப்-பிரவுசர்' என்று கேட்டால் இப்போது எது என்று சொல்லும். 'கெட்' இருந்த இடத்தில் 'செட்' போட்டு, கடைசியில் பிரவுசரின் டெஸ்க்டாப் கோப்புப் பெயரைக் கொடுத்தால் மாறும். உபுண்டு என்ற லினக்ஸோடு 'ஸ்னாப்' பொட்டலமாக வரும் ஃபயர்ஃபாக்ஸுக்கு அந்தப் பெயர் ஃபயர்ஃபாக்ஸ்_ஃபயர்ஃபாக்ஸ்.டெஸ்க்டாப், நடுவில் அடிக்கோடு.

## "முகவரி பாதியில நின்னுருது"

முகவரியில் கேள்விக்குறியோ, 'அண்ட்' குறியோ, ஹேஷ் குறியோ இருந்தால் இது வரும். அண்ட் குறியைக் கண்டதும் விண்டோஸ் அத்தோடு ஒரு கட்டளை முடிந்தது என்று நினைக்கும். லினக்ஸ் ஷெல், அதுவரை உள்ளதைப் பின்னணியில் ஓட்டிவிடும். முழு முகவரியையும் மேற்கோளுக்குள் போடுங்கள்.

போட்ட பிறகும், உள்ளூர்க் கோப்பை இயல்புப் பிரவுசர் வழியாகத் திறக்கும்போது கேள்விக்குறிக்குப் பிந்தியது காணாமல் போகும். அது விண்டோஸ் கோப்பைக் கைமாற்றும் முறையால் வருவது, மேற்கோளால் தீராது. பிரவுசரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஃபைல் என்று தொடங்கும் முழு முகவரியை (ஃபைல், முக்காற்புள்ளி, மூன்று முன்சாய்கோடு, அப்புறம் பாதை) கொடுத்தால் ஒழுங்காகப் போகும். அந்த முகவரியில் இடைவெளிக்குப் பதில் சதவீதக் குறியும் 20-உம் எழுதுவோம் அல்லவா? பேட்ச் ஃபைலுக்குள் எழுதும்போது சதவீதக் குறியை இரண்டு தடவை போட வேண்டும். ஒன்று மட்டும் போட்டால் பேட்ச் அதை விழுங்கிவிடும்.

## "லினக்ஸ்ல கோப்பு இல்லைங்குது, கோப்பு அங்கனதான் இருக்கு"

ஸ்கிரிப்டே ஓடவில்லை என்றால் முதலில் இரண்டைப் பாருங்கள். 'சிஎச்மோட் +எக்ஸ்' கொடுத்தீர்களா? ஸ்கிரிப்டை விண்டோஸில் எழுதிக் கொண்டுவந்தீர்களா? 'பேட் இன்டர்பிரட்டர்' என்று சொல்லி, கடைசியில் மேல்கூரைக் குறியும் எம் எழுத்தும் தெரிந்தால், வரி முடிவில் விண்டோஸ் குறி ஒட்டியிருக்கிறது. 'டாஸ்2யுனிக்ஸ்' கருவியில் ஒரு தடவை விட்டு எடுத்தால் சரியாகும்.

ஸ்கிரிப்ட் ஓடி, ஃபயர்ஃபாக்ஸும் திறந்து, அதற்குள் 'ஃபைல் நாட் ஃபவுண்ட்' என்று வந்தால் ஸ்னாப்பைச் சந்தேகப்படுங்கள். உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் பொட்டலமாகத்தான் வருகிறது. அது வேலிக்குள் ஓடும் செயலி. உங்கள் டெம்ப் (தற்காலிகக் கோப்பு) ஃபோல்டர் அதற்குத் தெரியாது, தனக்கென்று வேறொரு டெம்ப் வைத்திருக்கும். வீட்டு ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபோல்டரும் தெரியாது. ஸ்கிரிப்ட் அறிக்கையை டெம்ப்பில் எழுதித் திறக்கிறதென்றால் ஒருநாளும் வராது. வீட்டு ஃபோல்டருக்குள் சாதாரணப் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு அதில் எழுதச் சொல்லுங்கள். பென்டிரைவில் இருக்கும் பக்கம் என்றால் 'ஸ்னாப் கனெக்‌ஷன்ஸ் ஃபயர்ஃபாக்ஸ்' கட்டளையில் 'ரிமூவபிள்-மீடியா' இணைந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

எதுவுமே வராமல் பேசாமல் இருந்தால், 'எக்ஸ்டிஜி-ஓப்பன்' ஓட்டிய உடனே 'எக்கோ' போட்டு, டாலர் குறியும் கேள்விக்குறியும் சேர்த்துத் தட்டுங்கள். 2 வந்தால் கோப்பு இல்லை. 3 வந்தால் திறக்கும் கருவி இல்லை. 4 வந்தால் கருவி முயன்று தோற்றது.

'சூடோ' போட்டு, அதாவது ரூட் என்ற நிர்வாகி உரிமையில், ஓட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். ரூட்டாக ஓட குரோம் மறுக்கும், ஃபயர்ஃபாக்ஸும் மறுக்கும். அதற்காக 'நோ-சாண்ட்பாக்ஸ்' போட்டுத் திறப்பது, திருடனுக்குக் கதவைத் திறந்து வைப்பது மாதிரி.

## "கையால ஓட்டினா வருது, காலையில தானா வர மாட்டேங்கு"

அதிக நேரம் தின்பது இதுதான்.

விண்டோஸ். மிக எளிய வழி, ரன் பெட்டியில் 'ஷெல்:ஸ்டார்ட்டப்' என்று தட்டித் திறக்கும் ஃபோல்டரில் ஸ்கிரிப்டின் ஷார்ட்கட்டைப் போடுவது. உள்நுழைந்ததும் ஓடும். கடைக்கு இது போதும்.

டாஸ்க் ஷெட்யூலர்தான் வேண்டும் என்றால் நான்கு இடத்தைச் சரிபாருங்கள். 'ஜெனரல்' பகுதியில், பயனர் உள்நுழைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடு என்ற தேர்வு இருந்தால் பிரவுசர் உண்மையிலேயே ஓடும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத வேறொரு அமர்வில் ஓடும். 'உள்நுழைந்திருக்கும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். 'ஆக்‌ஷன்ஸ்' பகுதியில் 'ஸ்டார்ட் இன்' கட்டம் காலியாக இருந்தால் ஸ்கிரிப்ட் சிஸ்டம்32-இல் நின்று தேடும். அதில் ஃபோல்டர் பாதையை மேற்கோள் இல்லாமல் எழுதுங்கள். 'கண்டிஷன்ஸ்' பகுதியில், மின்சாரத்தில் ஓடும்போது மட்டும் தொடங்கு என்ற கட்டம் இயல்பாகவே டிக் ஆகியிருக்கும். மடிக்கணினிக் கடைக்காரர்கள் இதில்தான் மாட்டுவார்கள். காலையில் கரண்ட் இல்லாத நாளில் மட்டும் பலகை வராது, காரணம் யாருக்கும் பிடிபடாது. கடைசியாக 'செட்டிங்ஸ்' பகுதியில், தவறிய நேரத்தை முடிந்தவுடன் ஓட்டு என்பதற்கு டிக். எட்டு மணிக்கு வைத்து, கடையை எட்டரைக்குத் திறந்தால் இது தேவை.

லினக்ஸ். நேரம் வைத்து ஓட்டும் கிரானில் போட்டிருந்தால் அதற்குத் திரை எது என்றே தெரியாது. 'கேன்னாட் ஓப்பன் டிஸ்ப்ளே' என்ற பிழை அதனால்தான். டிஸ்ப்ளே மாறிக்கு (இதன் பெயர் மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில்) முக்காற்புள்ளியும் சுழியமும் கொடுத்து ஒப்பேற்றலாம், ஆனால் வேலண்டு என்ற புதிய திரை முறையில் அது போதாது. கிரானை விட்டுவிட்டு, வீட்டு ஃபோல்டரில் '.கான்ஃபிக்' உள்ளே 'ஆட்டோஸ்டார்ட்' ஃபோல்டரில் ஒரு டெஸ்க்டாப் கோப்பு போடுங்கள். அதன் 'எக்ஸெக்' வரியில் (முதல் எழுத்து மட்டும் பெரியது) முழுப்பாதை வேண்டும். வீட்டைக் குறிக்கும் அலைக்குறி அங்கே செல்லாது.

முழுத்திரையில் வரவில்லை என்றால். 'கியாஸ்க்' குறியை நீங்கள் சரியாகத்தான் கொடுத்திருப்பீர்கள். குரோம் ஏற்கெனவே பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் புதுக் குறிகளை அது கண்டுகொள்ளாது, பழைய ஜன்னலில் ஒரு தாவலைத் திறந்துவிட்டுச் சும்மா இருக்கும். பலகைக்கென்று 'யூசர்-டேட்டா-டிர்' குறியில் தனி ஃபோல்டர் கொடுங்கள்.

## "'இணைக்க முடியவில்லை'ன்னு வருது"

பக்கம் பைத்தான் சர்வர் (கோப்புகளைப் பிரவுசருக்கு எடுத்துக் கொடுக்கும் சின்ன நிரல்) வழியாக வருகிறதென்றால் மட்டும் இது. 'பைத்தான் -எம் எச்டிடிபி.சர்வர்' என்ற வரிக்குக் கீழே பிரவுசரைத் திறக்கும் வரி இருக்கிறதா? சர்வர் ஓடி முடியும்வரை கீழ்வரிக்கு ஸ்கிரிப்ட் இறங்காது. விண்டோஸில் சர்வர் வரிக்கு முன்னால் 'ஸ்டார்ட்', முன்சாய்கோடு, 'மின்' சேருங்கள். லினக்ஸில் வரிக்கடைசியில் ஒரு அண்ட் குறி போதும்.

அதன்பின் பிரவுசர் சர்வரை முந்திவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் பைத்தான் எழுந்திருக்கவே சில நொடி ஆகும். நடுவில் மூன்று நொடி காத்திருக்கச் சொல்லுங்கள்: லினக்ஸில் 'ஸ்லீப் 3', விண்டோஸில் 'டைம்அவுட்', முன்சாய்கோடு டி, 3.

போர்ட் 8000-ஐ, அதாவது சர்வர் பேசும் வாசல் எண்ணை, நேற்றைய சர்வர் இன்னும் பிடித்திருந்தால் 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்று வரலாம், விண்டோஸில் அந்தப் பிழைக்கு எண் 10048. 'நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ' கொடுத்து, 8000 உள்ள வரியின் கடைசி எண்ணைப் பார்த்து டாஸ்க் மேனேஜரில் அதை நிறுத்துங்கள். லினக்ஸில் 'எஸ்எஸ் -எல்டிஎன்பி'. அல்லது பேசாமல் 8123 என்று வேறு போர்ட் கொடுங்கள். முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் என்பதைவிட 127.0.0.1 என்று எழுதுவது நம்பகமானது. சர்வருக்கும் '--பைண்ட் 127.0.0.1' கொடுங்கள். கொடுக்காவிட்டால் அதே வைஃபையில் இருக்கும் யாரும் உங்கள் ஃபோல்டரைப் பார்க்கலாம்.

விண்டோஸில் பைத்தான் என்று தட்டினால் ஸ்டோர் திறக்கிறதா? பைத்தான் ஏற்றப்படவில்லை, அல்லது விண்டோஸ் செயலிகளைத் தேடும் 'பாத்' பட்டியலில் அது இல்லை. 'பிஒய்' என்று இரண்டெழுத்து தட்டிப் பாருங்கள்.

## "பக்கம் வருது, பட்டியல் மட்டும் காலி"

தலைப்பு இருக்கும், நிறம் இருக்கும், விலைகள் மட்டும் இருக்காது. எஃப்12 அழுத்தி 'கன்சோல்' பகுதிக்குப் போங்கள்.

சிவப்பில் 'கார்ஸ்' என்ற சொல் தெரிந்தால், பக்கம் தன் அருகிலிருக்கும் ஜேசன் கோப்பை (விலை போன்ற தரவு வைக்கும் கோப்பு வகை) படிக்க முயல்கிறது, பிரவுசர் மறுக்கிறது. கோப்பாக நேரடியாகத் திறந்த பக்கம், அதே ஃபோல்டரில் உள்ள இன்னொரு கோப்பைப் படிக்க குரோம் விடாது. ஃபயர்ஃபாக்ஸ் 67-ஆம் பதிப்பு வரை விட்டுக்கொண்டிருந்தது, 2019-இல் வந்த 68-ஆம் பதிப்போடு அதுவும் நிறுத்திவிட்டது. 'முன்னால நல்லாத்தான் ஓடிச்சு' என்று வரும் பழைய பக்கங்களில் இது உண்டு. 'டைப்' மாட்யூல் என்று எழுதிய ஜாவாஸ்கிரிப்டும் இப்படியே முடங்கும்.

செலவில்லாத தீர்வு, ஜேசன் கோப்பை ஜாவாஸ்கிரிப்ட் கோப்பாக மாற்றுவது. தரவின் முன்னால் 'கான்ஸ்ட் விலை =' என்று மாறிப்பெயர் ஒன்றைச் சேர்த்து, '.ஜேஎஸ்' என்று சேமித்து, பக்கத்தில் சாதாரண ஸ்கிரிப்ட் குறியால் அழையுங்கள். சர்வரே வேண்டாம். தரவை வேறொரு செயலி எழுதுகிறது, வடிவத்தை மாற்ற முடியாது என்றால் மேலே சொன்ன பைத்தான் சர்வர். குரோமின் பாதுகாப்பை அணைக்கும் குறிகளைச் சிலர் சொல்வார்கள். அதே பிரவுசரில் பேங்க் கணக்கும் பார்க்கும் கடையில் அதைச் செய்யாதீர்கள்.

கன்சோலில் 'சின்டாக்ஸ் எரர்' வந்து, கணினி விண்டோஸ் 7 என்றால், பிரவுசர் பழசு. குரோம் அதில் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அரசு கொடுத்த பழைய மடிக்கணினிகளில் இதைப் பார்க்கலாம். லினக்ஸ் ஏற்றினால் புதுப் பிரவுசர் கிடைக்கும். அதைச் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

படங்கள் மட்டும் வரவில்லை என்றால், விண்டோஸில் எழுதி லினக்ஸுக்குக் கொண்டுவந்த பக்கம். கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் லினக்ஸுக்கு வேறுவேறு. பாதையில் பின்சாய்கோடு இருந்தாலும் முன்சாய்கோடாக மாற்றுங்கள்.

உள்ளூர்க் கோப்பையே பிரவுசர் தடுத்து, 'நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்று பட்டியலில் காட்டினால் நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை. பள்ளி, வங்கி, அலுவலகக் கணினிகளில் அந்த இடத்து நிர்வாகியிடம்தான் கேட்க வேண்டும்.

## "தமிழ் எழுத்து கந்தலா தெரியுது"

மூன்று வகை, கண்ணால் பார்த்தே பிரிக்கலாம். ஒரு தமிழ் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மேலே கொம்பு முளைத்த வெளிநாட்டு எழுத்துகள் மூன்று வரிசையாக நின்றால், பக்கம் யுடிஎஃப்-8, பிரவுசர் அப்படிப் படிக்கவில்லை. யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். தலைப்பகுதியின் முதல் வரியாக 'மெட்டா சார்செட் யுடிஎஃப்-8' குறியைச் சேருங்கள். முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும்.

வெறும் கட்டங்களாக இருந்தால் எழுத்துரு இல்லை. டெபியன், உபுண்டுவில் 'ஃபான்ட்ஸ்-லோஹித்-டாம்ல்' பொட்டலம் போதும். விண்டோஸ் 8 முதல் நிர்மலா என்ற எழுத்துரு கூடவே வரும்.

ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கலந்து தெரிந்தால் அது பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்தது. அச்சகத்திலிருந்து வாங்கிய பட்டியல்களில் இது சகஜம். எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிவிட்டு ஒட்டுங்கள்.

## "நேத்து வெலையவே காட்டுது"

கன்ட்ரோல்+எஃப்5. வந்தால், ஸ்கிரிப்ட் கொடுக்கும் முகவரியின் முடிவில் கேள்விக்குறியும் அன்றைய தேதியும் சேருங்கள். சர்வர் வழியாகத் திறக்கும் பக்கத்துக்குத்தான் இது. வராவிட்டால், நீங்கள் திருத்தியது வேறு ஃபோல்டரில் இருக்கும் நகல். முகவரிப் பட்டையில் உள்ள பாதையைப் பாருங்கள்.

## "கரண்ட் போய் வந்த பொறவு தகராறு"

'பக்கங்களை மீட்கவா' என்ற பெட்டி பலகையை மறைத்தால், குரோமுக்கு 'ஹைட்-கிராஷ்-ரிஸ்டோர்-பபுள்' குறியைக் கொடுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் 'ஏற்கெனவே ஓடுகிறது' என்று அடம்பிடித்தால், டாஸ்க் மேனேஜரில் அதை முழுக்க நிறுத்துங்கள். நிறுத்தியும் சொன்னால் அதன் ப்ரொஃபைல் ஃபோல்டரில் 'பேரன்ட்.லாக்' கோப்பை அழியுங்கள், லினக்ஸில் 'லாக்'.

பக்கம் வெள்ளையாக வந்தால் கோப்பின் அளவைப் பாருங்கள். சுழியம் பைட் என்றால், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போயிருக்கிறது. நகலிலிருந்து எடுப்பதுதான் வழி. இனி ஸ்கிரிப்ட் முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்தபின் பெயரை மாற்றட்டும். மாதம் இருமுறை இப்படி ஆனால் 600 விஏ யுபிஎஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். ஒரு மேசைக் கணினியை முறையாக அணைக்க அது போதும்.

திறப்பதற்கே நிமிடக்கணக்காகிறது, டிஸ்க்கில் டக் டக் சத்தம் கேட்கிறது, நகலெடுத்தால் பாதியில் நிற்கிறது என்றால் ஸ்கிரிப்டை விட்டுவிடுங்கள். டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையில் 'கரண்ட் பெண்டிங் செக்டார்' (படிக்க முடியாத இடங்களின் எண்ணிக்கை) சுழியத்துக்கு மேல் இருந்தால் பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. 2023 டிசம்பர் வெள்ளம் மாதிரித் தண்ணீர் ஏறிய கணினி என்றால், காய்ந்துவிட்டதே என்று சுவிட்சைப் போட்டுச் சோதிக்கவே கூடாது. அப்படியே கொண்டுபோங்கள். தண்ணீர் ஏறாத கணினியில் டிஸ்க் இன்னும் படிக்கிறதென்றால், கடைக்குக் கொண்டுபோகும் முன்னால் அந்தப் பக்க ஃபோல்டரையும் ஸ்கிரிப்டையும் ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். புது டிஸ்க்கில் விண்டோஸ் ஏற்றித் தருபவர் அந்த இரண்டையும் திருப்பி எழுதித் தர மாட்டார்.